குடும்ப வேகனுக்கு லெவின் சாமான்: எதைப் பூட்டலாம், எதைத் தொடாமல் விடலாம்?

போன வருடத்துக்குள் மட்டும் நாலைந்து பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணை, வேகன் நல்ல வேகன்தான், ஆனா ஆக்களோட ஏத்தத்தில இழுவை காணாது, இறக்கத்தில பிரேக் பயமா இருக்கு. பஞ்சிகாவத்தையில லெவின் என்ஜின் ஒண்டு கிடக்காம், எடுத்துப் போடட்டோ?" லெவின் என்பது டொயோட்டாவின் வேகக் கார், பஞ்சிகாவத்தை கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் இடம். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரை மணித்தியாலம் கதைத்துப் பார்த்தேன். யாருக்கும் முழுதாகச் சொல்லி முடித்த திருப்தி எனக்கு வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏன் திடீரென்று இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது விளங்குகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது, தனிப்பட்ட வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் வேகனை மாற்றலாம் என்று நினைத்திருந்தவர்கள் எல்லாரும் அதையே வைத்து ஓடினார்கள். இப்போது கதவு திறந்திருக்கிறது, ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பலருக்கும் வீட்டில் நிற்கும் பழைய கொரோலா வேகன்தான் மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது.

நான் இங்கே பேசப்போவது 1990-களின் கொரோலா டூரிங் வேகனைப் பற்றி, ஏஇ100 என்று நாம் சொல்கிற 1500 சிசி, 5ஏ-எஃப்இ என்ஜின் வேகன். என்னிடம் இருப்பது அதுதான். ஈஇ103, சிஇ106 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும். ஆனால் அவை சரக்கு ஏற்றுவதற்கென்று செய்த ரகம், பின்பக்க அமைப்பு டூரிங் வேகனைப் போல இல்லை, ஆகவே பின் சஸ்பென்ஷன் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வேகனில் ஆசை எங்கிருந்து வருகிறது என்றால், அதே காலத்தில் டொயோட்டா செய்த லெவின், ட்ரூனோ இரண்டும் இதே குடும்பத்துக் கார்கள். அவற்றின் உயர்ந்த ரகங்களில் 4ஏ-ஜிஇ என்ற 20-வால்வு என்ஜின் இருந்தது. நம் 5ஏ-எஃப்இயும் அந்த 4ஏ-ஜிஇயும் ஒரே ஏ வரிசை, அதனால் என்ஜின் மவுண்ட் முதல் பலதும் வெட்டி ஒட்டாமலே உட்கார்ந்துவிடும். டொயோட்டாவே இதைச் செய்திருக்கிறது: 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானில் விற்ற பிஇசட் டூரிங் என்ற கொரோலா வேகனில் லெவினின் 20-வால்வு என்ஜின்தான் இருந்தது. அதற்கு அடுத்த தலைமுறை ஃபீல்டர் வேகனிலும் செலிக்காவின் 190 குதிரைவலு 2இசட்இசட்-ஜிஇ என்ஜினை வைத்து ஒரு ரகம் விற்றார்கள். ஆக, குடும்ப வேகனில் வேகக் கார் சாமான் பூட்டுவது பைத்தியக்கார யோசனை இல்லை. தொழிற்சாலை செய்தபோது பிரேக், கியர்பொக்ஸ், ஸ்பிரிங், குளிரூட்டல் எல்லாவற்றையும் அந்த என்ஜினுக்கு ஏற்றபடி சேர்த்தே மாற்றியது, நாம் செய்யும்போது காசுக்கு ஏற்றபடி ஒன்றிரண்டை மட்டும் மாற்றுகிறோம். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

## எதை வைத்து அளப்பது

விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள் பிறகு வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பவை இவை.

முதலாவது, ஆள் நிறைந்த வேகனில் அந்த மாற்றம் வேலை செய்யுமா என்பது. தனியே ஓடும்போது வேகன் சுமார் 1,100 கிலோ. ஐந்து பேர், பயணப் பைகள், தண்ணீர்ப் போத்தல்கள், ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த மாம்பழப் பெட்டி எல்லாம் ஏறினால் இன்னும் 400 கிலோவுக்குக் கிட்ட. லெவினின் சாமான் இந்தப் பாரத்தை நினைத்துச் செய்ததில்லை.

இரண்டாவது, நம் தெருவில் அதைப் பாவிக்க முடியுமா. நகருக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர், அதிவேக நெடுஞ்சாலையில் 100, இதுதான் நம் சட்டம்.

மூன்றாவது, வாகனம் எத்தனை நாள் கராஜில் கிடக்கும். வீட்டில் இருப்பது ஒரே வாகனம் என்றால் இந்தக் கேள்விதான் முதலாவதாக வரவேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது எல்லாம் நின்றுவிடும்.

அப்புறம் பத்திரம். என்ஜின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் வேண்டும், இவற்றோடு மோதுகிற மாற்றம் பின்னால் தலையிடி தரும். கடைசியாக, பிடிக்காவிட்டால் பழையபடி மாற்ற முடியுமா என்பது. கழற்றியதைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தால் பிரேக் மாற்றத்தை ஒரு நாளில் பின்னுக்குக் கொண்டுவரலாம். என்ஜின் மாற்றத்தில் அது நடக்காத காரியம்.

## தெரிவு 1: எதையும் கூட்டாமல், பழசைப் புதுசாக்குவது

கேட்பவர்களுக்குப் பிடிக்காத பதில் இது, ஆனால் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியா போய்விட்டு றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி. பாதி இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே போகத் தொடங்கியது, எரிந்த மணம் வந்தது, கியரை இறக்கி எப்படியோ ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் ஓரம் கட்டினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்ததும் என் முதல் எண்ணம், லெவின் பிரேக் வாங்கவேண்டும் என்பதுதான்.

என் பாஸ், அதாவது மெக்கானிக், வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் காரணத்தைச் சொன்னார். பிரேக் எண்ணெய் கறுப்பாகியிருந்தது, கடைசியாக எப்போது மாற்றியது என்று எனக்கே ஞாபகமில்லை. அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், அதுதான் பெடல் பஞ்சானதன் காரணம். முன் டிஸ்க் தேய்ந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போயிருந்தது. பின் டிரம்மில் ஒரு பக்கச் சிலிண்டர் கசிந்து ஷூ எண்ணெயில் ஊறியிருந்தது. அதாவது நான்கு சக்கரத்தில் மூன்றுதான் ஏதோ செய்துகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் சாதாரணப் புதுச் சாமானால் மாற்றி, டொட் 4 எண்ணெய் விட்ட பிறகு, என் பிரச்சினையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

இந்த வேகன்களின் வயது 25 முதல் 30 வருடம். கீழ்க் கையின் புஷ்கள், என்ஜின் மவுண்டுகள், ஷொக் அப்சோபர்கள், ஸ்டெபிலைசர் இணைப்புகள், எல்லாவற்றிலும் உள்ள ரப்பர் செத்திருக்கும். தளர்ந்த வண்டியில் வேகச் சாமான் பூட்டினால் அந்தச் சாமான் நல்லதா கெட்டதா என்று உணரக்கூட முடியாது. டயரும் அப்படித்தான். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம். பூ நிறைய இருந்தாலும் ஏழெட்டு வருடம் தாண்டிய டயரில் மழை நாளில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

மறைமுகச் செலவு என்று பெரிதாக இல்லை. ஆனால் ஒன்றைக் கழற்றினால் அடுத்தது தெரியும், அது வரிசையாகப் போகும். நினைத்த தொகைக்கு மேலே கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும்.

## தெரிவு 2: லெவினின் பிரேக்கும் முன்பக்கமும்

நான் கடைசியில் நின்ற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

4ஏ-ஜிஇ பூட்டிய லெவினின் முன் டிஸ்க், என் வேகனில் இருந்ததை விட விட்டத்திலும் தடிப்பிலும் கூடியது, நடுவில் காற்றோடும் இடைவெளி உள்ளது. நீண்ட இறக்கத்தில் இது தரும் வித்தியாசம் பெரியது, ஏனென்றால் அங்கே பிரேக்குக்கு எதிரி சூடுதான், கூடுதல் இரும்பு கூடுதல் சூட்டை வாங்கும், காற்று இடைவெளி அதை வேகமாக வெளியே விடும். இரண்டு வண்டிக்கும் சக்கரத் துளை 4x100 என்பதால் றிம் பிரச்சினை இல்லை. ஆனால் வேகனின் 13 அங்குல றிம் லெவினின் கலிப்பருக்கு (பாட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) மேலே ஏறாது, 14 அங்குலம் வேண்டும். அதோடு டயரும் மாறும், 185/60 ஆர்14 சரியாக உட்காரும். நான்கு றிம், நான்கு டயர்: இதைப் பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், பிரேக்கை விட இது கூடச் செலவாகிவிடும்.

கலிப்பரை மட்டும் தனியே வாங்க வேண்டாம். நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு), கலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்த ஒரே செட்டாக வாங்குங்கள், டிஸ்க்கும் பாட்டும் புதிதாக. அப்படி வாங்கினால் போல்ட் தூரம் பொருந்துமா, டிஸ்க் நடுவில் நிற்குமா என்ற கேள்விகளே வராது. நக்கிள் மாறுவதால் ட்ரைவ் ஷாஃப்டின் நுனிப் பற்களை இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள்.

முன்பக்கம் பலமாகி, பின்பக்கம் பழைய டிரம்மாகவே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். முன் சக்கரங்கள் கொஞ்சம் முன்னதாகப் பூட்டிக்கொள்ளப் பார்க்கும், அது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்வதை விட எவ்வளவோ பாதுகாப்பு. பின் டிஸ்க்கும் போடலாம்தான், ஆனால் கைப்பிரேக் கேபிள் மாறவேண்டும், முன் பின் அழுத்தப் பங்கீட்டை மறுபடி பார்க்கவேண்டும். சில வேகன்களில் பின்பக்கச் சுமையைப் பொறுத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அடியில் இருக்கும், பூட்டுகிறவர் அதை "தேவையில்லை" என்று தாண்டிவிட்டால் வெறும் வண்டியாக மழையில் பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் வழுக்கும். டிரம்மை நல்ல நிலையில் வைத்திருந்தால் குடும்ப வேகனுக்கு அது போதும் என்பது என் முடிவு. மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் வேகனுடையதையே வைத்தால் பெடல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போவது போல இருக்கும், சில நாளில் கால் பழகிவிடும்.

ஸ்பிரிங், ஷொக் விஷயத்தில் நான் ஒரு பிழை விட்டேன். லெவின் ஸ்பிரிங்கும் ஷொக்கும் நான்கு பக்கமும் வாங்கிப் பூட்டினேன். முன்பக்கம் அருமை, வளைவில் வண்டி சாய்வது குறைந்தது. பின்பக்கம் நாசம். லெவின் இரண்டு கதவுக் கார், அதன் பின் ஸ்பிரிங் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கைப்பையையும் நினைத்துச் செய்தது. நாங்கள் ஐந்து பேரும் பைகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெளிக்கிட்டோம், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். வவுனியா தாண்டுவதற்குள் பின்பக்கம் தொங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்தளம் மோதிக்கொண்டு வந்தது, மாமி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் வந்தார். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு கடையில் "அடித்ததே இல்லை" என்று தந்த பின் ஷொக் இரண்டில் ஒன்று எண்ணெய் கசிந்தது. திரும்பி வந்த கிழமையே பின்பக்கத்துக்கு வேகனின் பழைய ஸ்பிரிங்கையும் புது ஷொக்கையும் போட்டேன். முன்பக்கத்துக்கு லெவினின் ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) மட்டும் வைத்துக்கொண்டேன், ஸ்பிரிங்கை வேகனுடையதற்கே மாற்றினேன்.

ஒரு எச்சரிக்கை: சூப்பர் ஸ்ட்ரட் என்று சொல்லி ஒரு முன் சஸ்பென்ஷன் காட்டுவார்கள். லெவினின் உயர்ந்த ரகத்தில் வந்தது. வளைவில் சக்கரத்தின் சாய்வைச் சரியாக வைத்திருக்கும் நல்ல வடிவமைப்புத்தான், ஆனால் அதற்கென்று தனியான கைகள், தனியான பந்து மூட்டுகள், தேய்ந்தால் தேடி அலையவேண்டும், வண்டி திரும்பும் வட்டமும் பெரிதாகிவிடும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாகனம் திருப்பியவர்களுக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண ஸ்ட்ரட் உள்ள லெவினின் சாமானையே தேடுங்கள்.

## தெரிவு 3: 20-வால்வு என்ஜின்

சரி, எல்லாரும் உண்மையில் கேட்க வந்தது இதைப் பற்றித்தான்.

இரண்டு வகை கிடைக்கும். என்ஜினின் மேலே வெள்ளி மூடி போட்டது 1991-இல் வந்தது, 160 குதிரைவலு. கறுப்பு மூடி போட்டது 1995-இல் வந்தது, 165. இரண்டும் 1600 சிசிதான், டர்போ இல்லை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை விடும் தனித்தனித் த்ரொட்டில், ஐந்து ஐந்து வால்வுகள். நம் 5ஏ-எஃப்இ 100 குதிரைவலுவை ஒட்டியது என்பதால் தாளில் பார்த்தால் ஒன்றரை மடங்கு. காதில் கேட்டால் அதற்கும் மேலே, நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டும்போது வரும் அந்தச் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். என் மச்சான் தன் வேகனில் கறுப்பு மூடி என்ஜினைப் போட்டபோது முதல் நாள் என்னைத்தான் ஏற்றிக்கொண்டு போனான், இருவரும் சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்துக்கொண்டே போனோம்.

ஆனால் அந்த வலு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு மூடியின் உச்ச வலு 7,800 சுற்றில் வருகிறது, உச்ச முறுக்குவிசை, அதாவது இழுவை, 5,600 சுற்றில். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஐந்து பேரோடு போகும்போது யாரும் 5,600 சுற்றில் ஓடுவதில்லை. மாமி பின்னால் இருக்கும்போது நிச்சயமாக இல்லை. 2,500 சுற்றில் அந்த என்ஜினுக்கும் பழைய என்ஜினுக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் அளவு வித்தியாசம் தெரியாது. "ஆக்களோட இழுவை காணாது" என்பதுதான் குறை என்றால் 20-வால்வு அதற்குச் சரியான மருந்து இல்லை. கறோனா பிறீமியோவில் வந்த 1800 சிசி 7ஏ-எஃப்இ அதே ஏ வரிசை, குதிரைவலு 120-ஐத் தாண்டாது, கேட்பதற்கும் ஒரு கவர்ச்சியும் இல்லை, ஆனால் இழுவையின் உச்சம் 3,000 சுற்றுக்குக் கீழேயே வந்துவிடுகிறது. குடும்பத்தோடு மலை ஏறுகிறவருக்கு என்ஜின் மாற்றியே ஆகவேண்டும் என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

இனி மறைந்திருக்கும் செலவு. என்ஜின் மட்டும் வாங்கினால் போதாது: அதன் கம்ப்யூட்டர் பெட்டி, முழு வயரிங், பெற்றோல் பம்ப், கியர்பொக்ஸ், கிளட்ச், புகைக்குழாய், நல்ல ரேடியேற்றர். உங்கள் வேகன் ஓட்டோ கியர் என்றால் கிளட்ச் பெடல், அதன் குழாய்கள், கியர் கம்பி எல்லாம் சேரும். வெள்ளி மூடியில் காற்றை அளக்கும் கருவி வேறு, கறுப்பு மூடியில் வேறு, இரண்டின் வயரிங்கும் ஒன்றுக்கொன்று மாறாது, இதைக் கலந்து வாங்கி மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதும் டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், எண்ணெய் சீல்கள் எல்லாவற்றையும் என்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றவேண்டும். என் அனுபவத்தில் என்ஜினுக்குக் கொடுத்த விலையளவு காசு மறுபடியும் போனால்தான் வண்டி ஒழுங்காக ஓடும்.

பெற்றோலும் மாறும். 5ஏ-எஃப்இ 92 ஒக்டேனில் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடும். கறுப்பு மூடியின் அமுக்க விகிதம் 11, ஜப்பானின் உயர்தரப் பெற்றோலுக்கென்று செய்தது, இங்கே 95-க்குக் கீழே ஊற்றவே கூடாது. 2022-இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களை மறந்தவர்கள் யாரும் இல்லை. கிழமைக்கு இவ்வளவு லீற்றர்தான் என்று வந்த அந்த மாதங்களில் மச்சானின் வேகன் வீட்டு முற்றத்திலேயே நின்றது.

பத்திர விஷயம்: என்ஜின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் புது இலக்கம் ஏறவேண்டும். கடைக்காரரிடம் பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரமும் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. காப்புறுதிக் காரருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் ஓடி, விபத்து நடந்து, என்ஜின் இலக்கம் பொருந்தவில்லை என்று இழப்பீடு நின்றுபோனால் அந்த நேரத்தில் யாரோடும் வாதாட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இப்படி மாற்றிய வண்டி அதை மாற்றிய பாஸின் கைக்கு மட்டுமே பழக்கமான வண்டி ஆகிவிடும். மச்சானின் வேகன் எட்டு மாதம் அழகாக ஓடியது. பிறகு சிக்னலில் நிற்கும்போது சுற்று ஏறி இறங்கத் தொடங்கியது, நான்கு த்ரொட்டிலையும் ஒன்றோடொன்று சமப்படுத்தவேண்டும். அதைச் செய்த பாஸ் அதற்குள் வெளிநாடு போய்விட்டார், மூன்று கராஜ் ஏறி இறங்கியும் சரிவரவில்லை. திருகோணமலைக்குப் போகும் வழியில் ஹபரணையில் இரவு நின்றுவிட்டது, குழந்தையோடு. அவன் இப்போது அந்த என்ஜினைக் கழற்றவும் மனமில்லாமல், ஓடவும் நம்பிக்கையில்லாமல் இருக்கிறான், எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்தத் தெரிவு சிலருக்குச் சரிதான். வீட்டில் வேறொரு வாகனம் அன்றாடத்துக்கு இருக்கிறது, வேகன் உங்கள் ஆசைக்கான வண்டி, கையில் ஸ்பானர் பிடித்து நீங்களே வேலை செய்யத் தெரியும், அவசரம் இல்லை: இந்த நான்கும் இருந்தால் போடுங்கள், மனசாரச் சொல்கிறேன், அந்த என்ஜின் ஒரு அருமையான பொருள். ஆனால் தெரிவு 1-ம் 2-ம் முடித்த வண்டியில் போடுங்கள்.

## தெரிவு 4: விற்றுவிட்டு வேறு வாங்குவது

இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. தொழிற்சாலையே வேகமாகச் செய்த வேகனை, பிஇசட் டூரிங் போன்றதை, இன்றைக்குப் புதிதாக இறக்க முடியாது, பழைய வாகனத்துக்கு வயது வரம்பு இருக்கிறது. உள்ளூரில் யாராவது விற்றால்தான், அதுவும் எப்போதாவது. ஃபீல்டர், ஷட்டில் போன்ற புதிய வேகன்கள் நல்ல தெரிவு: பிரேக், காற்றுப் பை, எரிபொருள் எல்லாவற்றிலும் ஒரு தலைமுறை முன்னே. ஆனால் வித்தியாசக் காசு பெரியது, கடன் எடுத்துத்தான் என்றால் மாதத் தவணையையும் கணக்கில் போடவேண்டும். உங்கள் வேகனின் உடம்பு, அதாவது தகடு, துருப் பிடித்துப் போயிருந்தால் மட்டும் யோசிக்காமல் இதற்குப் போங்கள். ஸ்ட்ரட் மேலே பிடிக்கும் இடத்திலும் பின் சக்கர வளைவின் உட்புறத்திலும் திருப்புளியால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அந்த வண்டியில் எந்தச் சாமானும் பூட்டுவது வீண்.

## பக்கத்துப் பக்கமாக

| | புதுசாக்குவது | பிரேக், முன்பக்கம் | 20-வால்வு | விற்று வாங்குவது |
|---|---|---|---|---|
| ஆள் நிறைந்தால் பயன் | அதிகம் | இறக்கத்தில் மிக அதிகம் | குறைவு | அதிகம் |
| கராஜில் நிற்கும் காலம் | சில நாள் | ஒரு கிழமைக்குள் | ஒரு மாதமும் தாண்டலாம் | இல்லை |
| மறைமுகச் செலவு | அடுத்தடுத்துத் தெரியும் பழுது | றிம், டயர் | என்ஜின் விலையளவு மறுபடியும் | வட்டி |
| பத்திர வேலை | இல்லை | காப்புறுதிக்குச் சொன்னால் நல்லது | திணைக்களம், காப்புறுதி இரண்டும் | உரிமை மாற்றம் |
| பெற்றோல் | 92 | 92 | 95 | வண்டியைப் பொறுத்து |
| பின்வாங்க முடியுமா | தேவையே வராது | ஒரு நாளில் | கடினம் | முடியாது |

ஒரே வாகனம், பிள்ளைகள், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மலைநாடு அல்லது கொழும்பு: இப்படியென்றால் 1-ஐ முழுதாக முடித்து, ஆறு மாதம் ஓடி, அப்போதும் இறக்கத்தில் பயம் இருந்தால் 2. யாழ்ப்பாணத்துச் சமதரையிலேயே ஓடுகிறவருக்கு 2 கூடத் தேவையில்லை, அந்தக் காசில் நல்ல டயர் போடுங்கள். பிரேக்கைத் தொடாமல் என்ஜினை மட்டும் மாற்றுவது என்ற யோசனையோடு என்னிடம் வருபவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: வேண்டாம், அந்த வண்டியில் உங்கள் பிள்ளைகள் இருக்கப்போகிறார்கள்.

## பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது

காலையிலேயே போங்கள், தெரிந்த பாஸைக் கூட்டிக்கொண்டு. கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டுபோனால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், படத்தை நம்ப வேண்டாம். கலிப்பரின் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே துரு இருந்தால் வைத்துவிடுங்கள். நக்கிள், கலிப்பர், ஸ்டெபிலைசர் பார் போன்ற இரும்புச் சாமானைப் பழையதாக வாங்கலாம். ஷொக், புஷ், பிரேக் குழாய், பாட் எதையும் பழையதாக வாங்காதீர்கள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். என்ஜின் செட் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வயரிங்கை முதலில் பாருங்கள்: பிளக்குகள் முழுதாக இருக்கவேண்டும், எங்கேயாவது வெட்டி டேப் சுற்றியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.